ஜிம்னியை 40 மி.மீ. உயர்த்தலாமா? சாமை மூட்டையோடு ஜவ்வாது மலை இறங்கும் வண்டி

கேள்வி: சாமைக்கடை, குரோம்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். குரோம்பேட்டையில் சின்னதாக ஒரு சிறுதானியக் கடை வைத்திருக்கிறேன். சாமையும் தேனும் ஜவ்வாது மலையிலிருந்து இடையில் யாரும் இல்லாமல் நேராக வருகின்றன. மாதம் இரண்டு தடவை நானே போய் எடுத்து வருவேன். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஆரணி, போளூர் வழியாக ஒன்பது மணிக்குள் ஜமுனாமரத்தூர் போய்விடலாம். அதுவரை தார் ரோடு, ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து நான் வாங்கும் ஊருக்கு 6 கிலோமீட்டர் மண்பாதை. என் கஷ்டமெல்லாம் அந்த ஆறு கிலோமீட்டரில்தான்.

வண்டி 2023 மாடல் மாருதி ஜிம்னி, மேனுவல் கியர். எல்லாமே கம்பெனியில் வந்தபடி இருக்கிறது. டயரும் அதே 195/80 ஆர் 15. மழைக்காலம் முடிந்ததும் டிராக்டர் ஓடி ஓடி, பாதையின் இரண்டு பக்கமும் குழியாகி நடுவில் வரப்பு மாதிரி மண் எழும்பி நிற்கும். அதற்கப்புறம் ஒரு ஓடை. ஓடைக்கரையில் படிக்கட்டு மாதிரி ஒரு பாறை. போகும்போது ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டு மெதுவாக ஏறிவிடுகிறேன், எங்கேயும் தட்டுவதில்லை. வரும்போது அதே பாறையில் அடியில் 'டங்' என்று ஒரு இடி. வயிற்றைக் கலக்குகிறது. திரும்பும்போது பின்னால் 25 கிலோ மூட்டை ஆறு இருக்கும். சில சமயம் தேன் டப்பாவும் சேரும்.

இங்கே ஒரு கடையில் கேட்டேன். வண்டியை 50 மி.மீ. உயர்த்தும் லிஃப்ட் கிட் (புது ஸ்பிரிங், ஷாக்), அதோடு 235/75 டயர், எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய் ஆகும் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் என்ற கட்டையை வைத்தால் 7,000 ரூபாயில் முடிந்துவிடும் என்றார்கள். ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசம் வருமா? யாரை நம்புவது என்று புரியவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பாதி நேரம் அம்மாவும் கூட வருவார். வயது 67, வலது முழங்கால் ஆபரேஷன் ஆனவர். இப்போதே ஏறி உட்காரச் சிரமப்படுகிறார். வண்டி உயர்ந்தால் அவர் பாடு என்ன ஆகும்?

கடையின் வரவு செலவு இந்த வண்டியை நம்பி ஓடுகிறது. வண்டி ஒரு வாரம் நின்றால் சாமை இல்லை. அதனால் கிட் போட்டு நிஜமாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: துரைப்பாக்கம் வெள்ளை ஜிம்னி

நான் 30 மி.மீ. ஸ்பேசர் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. உள்ளதைச் சொல்கிறேன். ஊருக்குள் ஓட்ட நன்றாக இருக்கிறது, பார்க்கவும் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருப்பதால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சீக்கிரமே எல்லைக்கு வந்து 'டக்' என்று இழுத்துப் பிடிக்கிறது. ஏலகிரிப் பக்கம் ஒரு மண்பாதையில் போனபோது அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்பிரிங்கின் பலம் அப்படியேதான் இருக்கிறது, அதனால் பாரம் ஏற்றினால் முன்பு எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவே இப்போதும் அமுங்கும். உங்கள் தேவைக்கு இது போதாது என்று நினைக்கிறேன்.

பதில்: பாடி மேம்பாலம்

சகோதரி, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. போகும்போது தட்டாத பாறை வரும்போது தட்டுகிறது. நடுவில் மாறியது பாரம் மட்டும்தான். அப்படியானால் வண்டியின் உயரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், மூட்டை ஏறியதும் பின்பக்கம் எவ்வளவு உட்காருகிறது என்று பாருங்கள். இதை அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் அளக்காமல் கொடுத்தவன், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. ஜிம்னிக்கு 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) இருக்கும் வண்டியில் தரைக்கு மிக அருகே தொங்குவது அதிலுள்ள டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர உருண்டை. லிஃப்ட் கிட் போட்டால் சேசிஸும் பாடியும்தான் மேலே போகும், ஆக்சில் சக்கரத்தோடு அதே இடத்தில் இருக்கும். 50 மி.மீ. உயர்த்தினாலும் டிஃபரன்ஷியலுக்குக் கீழே இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. அதைக் கூட்ட ஒரே வழி பெரிய டயர். உங்கள் டயரின் விட்டம் கணக்குப்படி 693 மி.மீ. கடைக்காரர் சொன்ன 235/75 ஆர் 15 சுமார் 733. வித்தியாசம் 40, அதில் பாதி, அதாவது 20 மி.மீ.தான் ஆக்சிலுக்குக் கிடைக்கும். அதற்கு விலையாக வண்டி மந்தமாகும். 1.5 லிட்டர் எஞ்சின், 105 குதிரைசக்தி. ஆறு மூட்டையோடு போளூர் மலைப்பாதையில் ஏற்றினால் தெரியும். ஸ்பீடாமீட்டரும் கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைத்துக் காட்டும், முள் 80-இல் நிற்கும்போது நிஜ வேகம் 85-ஐ ஒட்டி இருக்கும்.

அப்போ கிட் எதற்கு என்றால், வண்டியின் நடுவயிறு மேடு ஏறி இறங்கும்போது தட்டாமல் இருக்க. ஐந்து கதவு ஜிம்னிக்குச் சக்கரங்களுக்கு இடையே நீளம் 2,590 மி.மீ.; வெளிநாட்டில் விற்கும் மூன்று கதவு வண்டிக்கு 2,250. இந்த நீளத்தால்தான் நம் வண்டிக்கு நடுவயிற்றுக் கோணம் 24 டிகிரியாகக் குறைகிறது. 40 மி.மீ. உயர்த்தினால் ஏறக்குறைய 27 ஆகும் என்று என் கணக்கு. உங்கள் டிராக்டர் பாதையின் வரப்புக்கும் ஓடைப் படிக்கும் அந்த 3 டிகிரி பெரிய விஷயம்.

ஆகவே எது தட்டுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து அடியில் தாழ்வாகத் தெரியும் எல்லா இடத்திலும் பூசிவிடுங்கள். இரண்டு டிஃபரன்ஷியல், பின் ஷாக்கின் கீழ் முனை, பின் ஆர்ம் (ஆக்சிலைப் பிடிக்கும் கம்பி) சேசிஸில் சேரும் பிராக்கெட், கியர்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், சைலன்சர் குழாய். சைலன்சர் ஆறியபிறகு பூசுங்கள். ஒரு தடவை போய்வந்து எங்கே உரிந்திருக்கிறது என்று பாருங்கள். அப்படியே சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து, நாலு சக்கரத்துக்கும், காலி வண்டியில் ஒரு தடவை, மூட்டை ஏற்றி ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள்.

இனி கிட் வாங்குவது. ஓல்டு மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ், எல்லாம் ஆஸ்திரேலியப் பெயர்கள். ஜிம்னிக்கு 40, 50 மி.மீ. அளவுகளில் செய்கிறார்கள். நான் பெயரைவிட ஸ்பிரிங்கின் பலத்தைத்தான் பார்ப்பேன். ஒரே உயரத்துக்கு, காலி வண்டிக்கு ஒன்று, கொஞ்சம் பாரம் எப்போதும் இருக்கும் வண்டிக்கு ஒன்று, நிரந்தரமாகப் பெரிய பாரம் சுமப்பதற்கு ஒன்று என்று பின் ஸ்பிரிங் தனித்தனியாக வரும். உங்களுக்குப் பாதித் தூரம் காலி, பாதித் தூரம் 150 கிலோ. கனத்த ஸ்பிரிங் போட்டால் போகும்போது முதுகு உடையும், அம்மாவை உட்கார வைக்கவே முடியாது. நடுத்தரப் பலம் கேளுங்கள். இந்தக் கிட்டுகள் பல முதலில் மூன்று கதவு வண்டிக்கென்று செய்யப்பட்டவை. நம்முடையது சுமார் 100 கிலோ கூடுதல் எடை. 'இந்தப் பின் ஸ்பிரிங் ஐந்து கதவு வண்டிக்குத்தானா' என்று கேட்டு, பார்ட் நம்பரை பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

அதோடு இதையும் மனதில் வையுங்கள்: கிட் போட்டால் வண்டி சுமக்கக்கூடிய அளவு அதிகரிக்காது. வண்டி காலியாகச் சுமார் 1,200 கிலோ, கம்பெனி அனுமதித்த மொத்த எடை 1,545. நீங்களும் அம்மாவும் 150 கிலோ மூட்டையும் அதற்குள் அடங்கும். மேலே இரும்பு கேரியர், முன்னால் இரும்பு பம்பர் என்று சேர்த்தால் அடங்காது.

என் கதையைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்ததே ஷாக் அப்சார்பர் சோதனைப் பிரிவில், பதினொரு வருஷம். அப்படியிருந்தும் ஆசையில் ஒரு கடையில் 50 மி.மீ. கனத்த ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்தேன். வாலாஜாபேட்டை தாண்டி 90-இல் போகும்போது வண்டி நேராக நிற்கவே இல்லை, லாரி ஒன்று கடந்தால் பக்கத்து லேனுக்கு இழுத்தது. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை. காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்துபோனதுதான் காரணம். முன் ஆக்சிலை இரண்டு ஆர்ம் பிடித்திருக்கிறது அல்லவா, வண்டி உயர உயர அந்த ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து ஆக்சிலையும் உருட்டிவிடுகிறது. ஆர்ம் முனையில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ்; ஓட்டை மையத்திலிருந்து தள்ளி இருக்கும் காஸ்டர் புஷ் போட்டால் இது சரியாகும். 40 மி.மீ. உயர்த்தினாலே அதைக் கூடவே போட்டுவிடுங்கள்.

அடுத்தது பேனார்டு ராடு. ஆக்சில் இட வலமாக நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி. அதன் நீளம் மாறாது, வண்டி உயர்ந்தால் அதன் சாய்வு கூடும், ஆக்சில் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ராடு வாங்கினால் நடுவுக்குக் கொண்டுவரலாம். ஸ்டீயரிங் சக்கரமும் கோணலாகிவிடும். அதை ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டி நேராக்கக் கூடாது, கீழே இழுப்புக் கம்பியின் நீளத்தைத் திருகி நேராக்க வேண்டும். என் வண்டியில் கோணலாகவே விட்டுவிட்டார்கள். வளைவில் ஈ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்து, தேவையில்லாத இடத்தில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்தது. வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் திரும்பியிருக்கிறது என்று சென்சார் குழம்பினால் அப்படித்தான் ஆகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது புஷ் விஷயம். ஆர்ம் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முழுக்க இறுக்கிவிட்டார்கள். ரப்பர் புஷ் எந்த நிலையில் இறுக்கப்படுகிறதோ அதைத்தான் தன் ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கினதும் முறுக்கிய துணி மாதிரி நாள் முழுக்க முறுக்கிலேயே இருக்கும். எட்டாவது மாதம் எல்லாம் கிழிந்துவிட்டது. போல்ட்டுகளைக் கையால் திருகிவிட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி, பம்பரை நாலு தடவை அமுக்கி விட்டு, அதற்கப்புறம்தான் அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். இதை நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். தயவுசெய்து வண்டியை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

முடிந்ததும் சேசிஸை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பி பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டையும் இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

சுண்ணாம்பு முடிவைப் போடுங்கள், மேலே பேசலாம்.

பதில்: அம்பத்தூர் ஜிப்ஸி

பாடிக்காரர் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. நான் பழைய ஆள், 1999 ஜிப்ஸி, நாலு சக்கரத்துக்கும் கமான் பட்டை. எங்கள் காலத்தில் கமான் பட்டையின் முனையைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாகச் செய்து மாட்டி உயர்த்துவார்கள். அதிலும் முன்பக்கம் காஸ்டர் கெட்டு ஸ்டீயரிங் கையில் நிற்காது. வண்டி மாறினாலும் வியாதி ஒன்றுதான்.

ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அம்மா. பாறையை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். ஒரு தடவை கீழே குனிந்து உங்கள் வண்டிக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாறை மேல் டயரையே ஏற்றுங்கள். டயர் ஏறினால் ஆக்சில் தானாக மேலே போகும். டிராக்டர் குழியிலும் அப்படியே, ஒரு பக்கச் சக்கரத்தை நடு வரப்பின் மேலும் இன்னொன்றைக் குழிக்கு வெளியிலும் வைத்துப் போங்கள்.

அப்புறம் மூட்டை. பின் கதவை ஒட்டி அடுக்குகிறீர்களா? பின் சீட்டை மடித்துவிட்டு, முன் சீட்டின் முதுகை ஒட்டி அடுக்குங்கள். பாரம் பின் ஆக்சிலுக்கு முன்னால் வந்தால் முன்சக்கரமும் ஒரு பங்கு சுமக்கும், பின்பக்கம் அவ்வளவு உட்காராது. இதற்கு ஒரு பைசா செலவு இல்லை. ஆனால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள், பிரேக் அடித்தால் மூட்டை உங்கள் முதுகில் வரக் கூடாது.

தட்டுவது பின் ஆர்ம் பிராக்கெட் என்றால் அதற்கு 4 மி.மீ. தகடு வளைத்து சறுக்குப் பட்டை மாதிரி மாட்டலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டி வளைத்துத் தரும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. தட்டினாலும் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போகும்.

பதில்: சைதை வழக்கு

வண்டி விஷயம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், சட்டத்தை மட்டும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். ரோட்டில் இத்தனை வண்டி ஓடுகிறதே என்பது பதில் ஆகாது. எதைச் செய்வதானாலும் முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு கிளெய்மில் வந்து நிற்கும். சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட வாரண்டியும் போகலாம், சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். உங்கள் பிழைப்பே இந்த வண்டி என்பதால் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்: சாமைக்கடை, குரோம்பேட்டை (மூன்று வாரம் கழித்து)

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னதை எல்லாம் செய்தேன்.

சுண்ணாம்பு பூசிப் போய்வந்தேன். டிஃபரன்ஷியலில் பூசியது அப்படியே இருந்தது. நடுக் குறுக்குச் சட்டத்தில் லேசாக ஒரு கீறல். நன்றாக உரிந்திருந்தது பின் ஆர்ம் பிராக்கெட் இரண்டும்தான், இடது பக்கம் இரும்பே தெரிந்தது. அளவும் எடுத்தேன். பின்பக்கம் காலிக்கும் ஆறு மூட்டைக்கும் 41 மி.மீ. வித்தியாசம். முன்பக்கம் 2 மி.மீ. மட்டும் மேலே எழும்பியிருந்தது. ஜிப்ஸி அண்ணா சொன்னபடி மூட்டையை முன் சீட்டை ஒட்டி அடுக்கி மறுபடி அளந்தால் பின்பக்கம் 29 மி.மீ.தான் உட்கார்ந்தது. சும்மா இடம் மாற்றியதற்கு 12 மி.மீ. கிடைத்ததை நம்பவே முடியவில்லை, இரண்டு தடவை அளந்தேன்.

தகடும் மாட்டிவிட்டேன், 5,800 ரூபாய் ஆனது. அடுத்த பயணத்தில் வரப்பில் ஒரு சத்தமும் இல்லை. ஓடைப் பாறையில் மட்டும் இன்னும் உரசுகிறது. டயரைப் பாறை மேல் ஏற்றிப் போனாலும் இறங்கும்போது நடுவயிறு படுகிறது.

50 வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். 40 போதுமா? டயர் மாற்றாமல் விடலாமா? ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வராமல் தொடமாட்டேன்.

பதில்: பாடி மேம்பாலம்

அருமையாக அளந்திருக்கிறீர்கள். டிஃபரன்ஷியல் படவே இல்லை என்றால் பெரிய டயருக்குக் காரணமே இல்லை, அந்தப் பணம் மிச்சம். இருக்கும் டயர் தேயும்போது அதே அளவில் ஆல் டெரெய்ன் (ரோட்டுக்கும் மண்பாதைக்கும் ஏற்ற டயர்) வாங்குங்கள். நடுத்தரப் பின் ஸ்பிரிங்கோடு 40 போதும். பாரத்தோடு நீங்கள் இப்போதைய காலி வண்டியைவிடக் கொஞ்சம் மேலேயே நிற்பீர்கள், காலி வண்டி அந்தப் பாறையில் தட்டுவதில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அம்மாவுக்கு: கதவுக்குக் கீழே குழாய்ப் படி மாட்டாதீர்கள், அது தாழ்வாகத் தொங்கிப் பாறையில் முதலில் படும். ஒரு சின்ன மரப்பலகை ஸ்டூல் எடுத்துப் போங்கள், 15 செ.மீ. உயரம் போதும். இது என் அம்மாவுக்குச் செய்தது.

கேள்வி கேட்டவர்: சாமைக்கடை, குரோம்பேட்டை (இரண்டு மாதம் கழித்து)

எழுத்தில் பதில் கைக்கு வந்தபிறகு வேலையைச் செய்தோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷெட்டுக்குப் போனேன், மாலை ஐந்து வரை அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

காயில் ஸ்பிரிங் கழற்றப் பெரிய கருவி எல்லாம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து, முன்பக்கம் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் கழற்றி, ஜாக்கியால் ஆக்சிலை மெதுவாக இறக்கினதும் ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. இறக்கும்போது ஒரு பையன் பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். ஒயரையுமே பார்த்துக்கொண்டு நின்றான். அதிக நேரம் பிடித்தது காஸ்டர் புஷ்தான். பழைய புஷ்ஷை பிரஸ்ஸில் வைத்துத் தள்ள மதியச் சாப்பாடு வரை ஆகிவிட்டது. போல்ட்டெல்லாம் தரையில் நிறுத்தித்தான் இறுக்கினார்கள், ஒவ்வொன்றுக்கும் வெள்ளை பெயிண்டால் கோடு போடச் சொன்னேன். கோடு விலகினால் போல்ட் கழல்கிறது என்று தெரிந்துவிடுமே.

செலவு கேட்பவர்களுக்கு: ஸ்பிரிங், ஷாக் 86,000. காஸ்டர் புஷ் 8,500. முன் பின் பேனார்டு ராடு 21,000. கூலி 9,000. அலைன்மென்ட் தனி. கடைக்காரர் சொன்ன தொகையைவிட ஏறக்குறைய 35,000 குறைவாக வந்திருக்கிறது, ஆனால் அவர் கணக்கில் டயர் இருந்தது, புஷ்ஷும் ராடும் இல்லை.

உயரம் முன்னால் 38, பின்னால் காலியில் 44 கூடியிருக்கிறது. ஆறு மூட்டை ஏற்றினால் பின்பக்கம் 23 மி.மீ. உட்காருகிறது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி 90-இல் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தாலே நேராகப் போகிறது. காலியில் வேகத்தடை கொஞ்சம் கடினமாகத் தெரிகிறது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூல் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, கடையிலும் அதில்தான் உட்காருகிறார். மூட்டையைத் தூக்கி வைக்கும்போது அந்த நாலு செ.மீ. எனக்குத் தோளில் தெரிகிறது.

ஒரு சந்தேகம். 600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நேற்றிலிருந்து நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் 'கிளிக்' என்று ஒரு சத்தம். ஓடும்போது இல்லை.

பதில்: பாடி மேம்பாலம்

மலைக்குப் போகும்முன் இதைப் பார்த்துவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சின்னச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டட்டும். இன்னொருவர் கீழே படுத்து பேனார்டு ராடின் இரண்டு முனையையும் பார்க்கட்டும், ராடின் நடுவில் இருக்கும் பூட்டு நட்டையும் சேர்த்து. புதிதாகப் போட்ட எல்லா போல்ட்டையும் 500 கிலோமீட்டரில் மறுபடி டார்க் வைத்துப் பார்க்க வேண்டும். அதைச் சொல்ல விட்டுவிட்டேன், என் தவறு.

கேள்வி கேட்டவர்: சாமைக்கடை, குரோம்பேட்டை

பார்த்தாயிற்று. முன் பேனார்டு ராடு, சேசிஸ் பக்கத்துப் போல்ட். வெள்ளைக் கோடு கொஞ்சம் விலகியிருந்தது. கால் சுற்று திரும்பியது, சத்தம் நின்றுவிட்டது. மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள், எதுவும் அசையவில்லை. புதுக் கோடு போட்டிருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை மலைக்குப் போகிறேன். பிராக்கெட்டிலும் குறுக்குச் சட்டத்திலும் மறுபடி சுண்ணாம்பு பூசிக்கொண்டுதான் போகிறேன். ஓடையில் தண்ணீர் வடிந்திருந்தால் அந்தப் பாறையின் உயரத்தையும் டேப்பில் அளந்து வந்து எழுதுகிறேன்.